பெற்றோல் வந்த பின்னர்

2022ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களில் யாழ்ப்பாணத்து வீதிகளிலே ஒரு புதுமையைக் கண்டோம். வங்கி முகாமையாளரும், கல்லூரி அதிபரும், வைத்தியரும், சட்டத்தரணியும் துவிச்சக்கர வண்டிகளில் வந்தனர். பல ஆண்டுகளாகக் கோடிப்புறத்தில் துருவேறிக் கிடந்த வண்டிகள் வெளியே இழுக்கப்பட்டன. சங்கிலிகளுக்கு எண்ணெய் விடப்பட்டது. சைக்கிள் திருத்தும் கடைகளில் மாலைவரை ஆட்கள் காத்து நின்றனர். காரணம் யாவரும் அறிந்ததே. நாட்டின் கையில் டொலர் இல்லை. ஆதலால் எரிபொருளும் இல்லை. 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல், 2022 யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாயிருந்தோருக்கும் அது கிடைக்கவில்லை. நாடெங்கும் மக்கள் நாட்கணக்காக வரிசைகளில் நின்றனர். நின்றவர்களுட் சிலர் அந்த வரிசைகளிலேயே உயிர் துறந்தனர்.

அந்நாட்களில் சைக்கிளைப் புகழாதவர் இல்லை. உடலுக்கு நல்லது என்றார் வைத்தியர். சூழலுக்கு நல்லது என்றார் விஞ்ஞான ஆசிரியர். சிக்கனம் என்றார் கணக்காளர். முன்னோரின் எளிமைக்கு மீண்டுவிட்டோம் என்று பெருமிதங் கொண்டோரும் உளர். பின்னர் யூலையில் தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தது. கைத்தொலைபேசியிலுள்ள கியூஆர் குறியீட்டைக் காட்டினால் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று கணக்காயிற்று. வரிசைகள் குறைந்தன. பங்கீட்டளவு கூடக்கூட, வைத்தியரும் அதிபரும் முகாமையாளரும் ஒருவர்பின் ஒருவராகக் காருக்குள் மீண்டனர். சைக்கிள்கள் கோடிப்புறத்துக்கு மீண்டன. புகழுரைகளும் அவற்றோடு போயின.

இவ்விடத்தில் நாம் எழுப்ப விரும்பும் வினா இதுதான்: அந்த இரண்டு மூன்று மாதங்களில் நாம் செய்தது நற்செயலா, அல்லது வேறு வழியற்ற செயலா? நற்செயலாயின் அதனை ஏன் கைவிட்டோம்? வேறு வழியற்ற செயலாயின் அதற்கு ஏன் அத்தனை மாலைகள் சூட்டினோம்? கடைக்குப் போவதும் மாவு மில்லுக்குப் போவதும் தத்துவ விசாரணைக்குரிய பொருளா என்று சில வாசகர் நகைக்கக்கூடும். ஆயின் ஒரு சமுதாயத்தின் ஒழுக்கம் அதன் மேடைப் பேச்சுக்களிலேயே முற்றாக வெளிப்படுவதில்லை. காலையிற் பாண் வாங்கப் போகும் வழியிலும் அது தென்படுகின்றது.

முதலில் எம்மையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். எம்மிடமும் ஒரு கார் உண்டு. பழையது, கடனில் வாங்கியது, நோயுற்றிருந்த தாயாரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதற்கென்று வாங்கியது. தாயார் காலமானார், கார் எஞ்சியது. எஞ்சியபடியால் ஓடியது. முதலிலே தூரப் பயணங்களுக்கு மட்டும் எடுத்தோம். பின்னர் பாடசாலைக்கு எடுத்தோம். அதன்பின் சந்தைக்கு. இறுதியில் ஒழுங்கை முடக்கைத் தாண்டியுள்ள சங்கக்கடைக்கும் கார் இன்றிப் போவதில்லை என்றாயிற்று. ஒவ்வொரு படியும் இயல்பானதாகவே தோன்றியது. எந்தப் படியிலும் நாம் சிந்தித்து முடிவெடுத்ததாக நினைவில்லை.

2022 யூனில் கார் நின்றது. தகப்பனாரின் றலி சைக்கிளைக் கொட்டிலிலிருந்து எடுத்தோம். அதன் பாரில் எம்மை இருத்தித்தான் அவர் பாடசாலைக்குக் கூட்டிச் சென்றார். அதன் கரியரில் அரிசிச் சாக்கும், தேங்காய்க் கடகமும், ஒரு முறை காய்ச்சலில் மயங்கிய எம் தமையனாரும் சென்றதுண்டு. சந்தியிலே திருத்தும் கடை வைத்திருக்கும் முதியவர் ரயரும் ரியூப்பும் பிறேக் கட்டைகளும் மாற்றித் தந்தார். மூன்று மாதம் அதிலேயே சகல அலுவல்களும் நடந்தன. மரக்கறி, மருந்து, மின்கட்டணம், தபாற் கந்தோர், மரண வீடு, பிள்ளைகளின் ரியூசன் அனைத்தும். ஓர் அலுவலும் நின்றுபோகவில்லை. சில அலுவல்கள் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்தன. சில, கார் நிறுத்த இடந் தேட வேண்டியிராதபடியால், விரைவிலேயே முடிந்தன.

ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் காற்றடிப்பதற்காக அம்முதியவரின் கடையில் நின்றோம். அவர் எம்மை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: “மாஸ்ரர், பெற்றோல் வந்திட்டுது. இனி உங்களை இந்தப் பக்கம் காணேலாது.”

அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தோம். அவர் மேலும் எதுவுஞ் சொல்லவில்லை. பம்மை வாங்கிச் சுவரிற் சாத்தினார். அந்த வாரமே அரைக் கிலோ சீனியும் ஒரு கட்டுக் கீரையும் வாங்குவதற்குக் காரை எடுத்துக்கொண்டு போனோம். சந்தியைக் கடக்கும்போது அக்கடைப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். முகத்தை ஏன் திருப்பினோம் என்பதிலிருந்தே இக்கட்டுரை பிறந்தது.

கணக்கொன்று பார்ப்போம். எமது கார் ஏறத்தாழ ஓராயிரம் கிலோ எடையுள்ளது. அதற்குள் இருந்த மனிதர் அறுபது கிலோ. சீனி அரைக் கிலோ. அரைக் கிலோவை வீடு சேர்ப்பதற்கு ஒரு தொன் இரும்பு நகர்ந்தது. கடை மூன்று கிலோமீற்றர். போக வர ஆறு. லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் காரானால் அரை லீற்றர் எரிந்தது. லீற்றர் 470 ரூபா விற்ற காலத்துக் கணக்கில் அது 235 ரூபா. இந்த அற்ப அலுவலுக்கு அத்தனை பெரிய ஏற்பாடு தேவைதானா என்று எவரும் எம்மைக் கேட்கவில்லை. கேட்கப்படாமலிருப்பதுதான் இங்கு கவனிக்கத்தக்கது. கூலித் தொழிலாளி ஒருவர் பசிக்கு ஒரு றாத்தல் பாண் கூடுதலாக வாங்கினால் அவருக்குச் சிக்கனம் போதிக்கப் பத்துப் பேர் வருவர். அரை லீற்றரை எரித்து அரைக் கிலோ சீனி வாங்குவோருக்குப் போதிப்பவர் இல்லை.

இனி, எம் வீட்டுக்கு மதில் கட்ட வந்த மேசன் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் நாள்தோறும் ஒன்பது கிலோமீற்றர் தூரத்திலிருந்து சைக்கிளில் வந்தார். கரியரில் மட்டப்பலகையும் சாந்தகப்பையும். ஹாண்டிலில் சோற்றுப் பொதி. மாலையிலே மீண்டும் ஒன்பது கிலோமீற்றர். அவருடைய சைக்கிள் ஓட்டத்தை எவரும் சூழற் பாதுகாப்பு என்று புகழவில்லை. அவர் முப்பது ஆண்டுகளாகச் செய்வதை நாம் மூன்று மாதஞ் செய்தபோது அது எளிமையாயிற்று, தியாகமாயிற்று, முன்மாதிரியாயிற்று. ஒரே செயல், ஒரே வீதி, ஒரே வெயில். செய்பவரின் வர்க்கம் மாறியதும் செயலின் பெயரும் மாறிவிடுகின்றது.

1948இல் வெளிவந்த டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியத் திரைப்படத்தைப் பார்த்தோர் இதனை எளிதில் உணர்வர். போருக்குப் பிந்திய உரோமாபுரியிலே வேலையற்றிருந்த ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கின்றது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி வீட்டிலுள்ள கட்டில் விரிப்புக்களை அடைவு வைத்துச் சைக்கிளை மீட்டுக் கொடுக்கின்றாள். முதல் நாளே அது திருடப்படுகின்றது. அம்மனிதனுக்குச் சைக்கிள் ஒழுக்கத் தெரிவன்று; உழைப்புக் கருவி. உலகில் மிகப் பெரும்பாலான சைக்கிள்களின் கதை இன்றும் அதுவே.

அப்படியாயின், தெரிவு செய்ய வசதியுள்ளவனுக்கு மட்டுமே ஒழுக்கம் உண்டு, வசதியற்றவனுக்கு அவசியம் மட்டுமே உண்டு என்று முடிவு செய்யலாமா? தனிமனித வாதிகள் அவ்வாறே முடிவு செய்வர். தெரிவு இருக்கும் இடத்தில்தான் நன்மை தீமை என்ற பேச்சுக்கு இடமுண்டு என்பது அவர்களது வாதம். அதில் ஒரு பாதி உண்மை இருக்கின்றது. பெற்றோல் இல்லாத காலத்தில் காரை எடுக்காததற்கு எமக்கு எந்தப் பாராட்டும் உரியதன்று. ஆனால் மறு பாதியை அவர்கள் காண்பதில்லை. சுதந்திரம் என்பது அவசியத்தை உணர்ந்துகொள்வதே என்ற ஹேகலின் கருத்தை ஏங்கெல்ஸ் 1878இல் எழுதிய நூலொன்றில் எடுத்தாண்டு விளக்கினார். இயற்கை விதிகளிலிருந்து தப்பியோடுவதில் விடுதலை இல்லை. அவற்றை அறிந்து செயற்படுவதிலேயே அது உண்டு என்பது அவரது விளக்கம். எமது சிறிய பொருளுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். 2022இல் எம்மைச் சைக்கிளில் ஏற்றிய அவசியம் நீங்கிவிட்டதாக நாம் எண்ணினோம். உண்மையில் நீங்கியது என்ன? எமது பங்குக்குரிய பெற்றோல் வந்துவிட்டது; அவ்வளவே. எரிபொருள் முழுவதையும் கடல் கடந்து வாங்கும் நாடு, கடனில் மூழ்கிய நாடு, வீதிகள் ஒடுங்கிய நகரம், காரே இல்லாத பெரும்பான்மையினர் என்ற நிலைமைகள் எவையும் மாறவில்லை. எமக்கு நீங்கிய அவசியம் பிறருக்கு நீங்கவில்லை என்பதை உணர்ந்து நடப்பதே இவ்விடயத்தில் உண்மையான சுதந்திரமாகும். அதனை மறந்து நடப்பதைச் சலுகை என்றே கூற வேண்டும்.

பங்கீட்டுக் கணக்கே இதற்குச் சான்று. அனுமதி முறை ஆரம்பித்தபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், காருக்கு 20 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கு அவ்வண்டியே சோறு. காருடையோரிற் பலருக்குக் கார் வசதி. சோற்றுக்கு 5, வசதிக்கு 20. பெரிய எந்திரத்துக்குப் பெரிய பங்கு என்பது எந்திரத்தின் தருக்கம், மனிதரின் தருக்கமன்று. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்தது. பருத்தித்துறையிலும் குருநகரிலும் கடற்றொழிலாளரின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. படகை இறக்கினால் நட்டம், இறக்காவிட்டால் பட்டினி என்ற நிலையில் அவர்கள் நின்ற அதே வாரங்களிலேதான் நாம் கீரைக் கட்டுக்குக் கார் எடுத்தோம். இரண்டு எண்ணெயும் ஒரே டொலரிலிருந்து வந்தவை. சட்டப்படி நாம் எவரிடமும் எதையும் திருடவில்லை. ஆயினும் முகத்தைத் திருப்பத் தோன்றியதற்கு ஏதோ காரணம் இருந்திருக்க வேண்டும்.

ஏன் மீண்டும் காரை நாடினோம்? வசதி என்பது முழு விடையாகாது. மூன்று கிலோமீற்றருக்குச் சைக்கிள் அப்படியொன்றும் வசதிக் குறைவில்லை என்பதை அந்த மூன்று மாதங்களிலே கண்டுகொண்டோம். மீதி விடை மரியாதை என்னும் சொல்லில் அடங்கியுள்ளது. 2023இல் ஒரு நூல் வெளியீட்டுக்காக மண்டபமொன்றுக்குச் சைக்கிளிற் சென்றோம். வாயிற் காவலாளர் தடுத்து, சைக்கிள்கள் பின்பக்கத்தாலே வரவேண்டும் என்றார். எமக்கு முன்னும் பின்னும் வந்த கார்களுக்கு அவரே கதவை அகலத் திறந்து கைகாட்டினார். அவரிலே குற்றமில்லை, அவரும் மாலையில் சைக்கிளிலேயே வீடு செல்பவர்தான். பின்பக்கத்தாற் போனோம். சமையற் பாத்திரங்கள் கழுவும் இடத்தருகே வண்டியைச் சாத்தினோம். உள்ளே, சமத்துவத்தைப் பற்றி உரையாற்ற எமக்கு இருபது நிமிடம் தரப்பட்டிருந்தது.

அன்று எமக்கு ஏற்பட்ட சிறு அவமானத்தைப் பெரிதாக்குவது எம் நோக்கமன்று. அது எமக்கு ஒரு நாளைக்குரியது, பலருக்கு வாழ்நாளுக்குரியது. வாகனத்தைக் கொண்டு மனிதரை அளக்கும் வழக்கம் எம் மண்ணுக்குப் புதிதுமன்று. தமிழகத்தின் பல கிராமங்களிலே ஒடுக்கப்பட்ட சாதியார் மேற்சாதித் தெருக்களில் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தமை பதிவாகியுள்ளது. யாழ்ப்பாணத்திலும் பேருந்திலே ஏனையோருடன் சமமாக ஆசனத்தில் அமர்வதற்கே ஒரு காலத்தில் போராட வேண்டியிருந்தது. ஆகவே, சைக்கிளில் ஏறுவது ஒருவருக்கு இறக்கமாகவும் இன்னொருவருக்கு உரிமைப் போராட்டமாகவும் இருந்திருக்கின்றது. சாதி தன் பழைய அடையாளங்களைப் பகிரங்கமாகக் காட்ட முடியாத இடங்களில், பணம் கார் வடிவத்தில் அதன் வேலையைச் செய்கின்றது.

பெண்களின் கதையையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1990களின் தொடக்கத்திலே புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவுங் கற்பித்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். தண்ணீர் கொண்டுவரவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பிள்ளையைப் பாடசாலையில் விடவும் ஆணின் வருகையை எதிர்பார்த்திருந்தவர்கள் தாமே புறப்பட்டனர். எம் குடாநாட்டிலும் போர்க்காலத்தில் பெண்கள் சைக்கிளில் சகல அலுவல்களையும் பார்த்தமை வீட்டுக்குள்ளே பல கட்டுகளைத் தளர்த்தியது. கார் ஒன்று உள்ள வீட்டில் அது பெரும்பாலும் ஆணின் வாகனமாகவே இருக்கின்றது. சைக்கிள் உள்ள வீட்டிற் சந்தைக்குப் போக எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

போர்க்காலம் என்றவுடன் ஓர் எச்சரிக்கையும் அவசியம். 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் இல்லை, மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயிற் புகை கக்கியபடி அரிதாக ஓடின. நோயாளரும், விறகும், நெல்லும், பிரேதப் பெட்டியுங்கூடச் சைக்கிளிற் சென்றன. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, டைனமோவின் மின்னோட்டத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த மழை இரவில், வீட்டின் எஞ்சிய பொருள் யாவும் சைக்கிள்களிலேதான் தொங்கின. ஏறி ஓட இடமின்றி அவற்றை உருட்டிக்கொண்டு நடந்தோம். அக்காலத்தை நினைத்து உருகி, சைக்கிளை ஒரு புனிதப் பொருளாக்க நாம் விரும்பவில்லை. திணிக்கப்பட்ட பஞ்சத்தை எளிமை என்று போற்றுவது கொடுமை செய்தவர்களுக்கு நற்சான்று வழங்குவதாகும். எமது பிள்ளைகளுக்கு வேண்டியது வறுமையின் சைக்கிளன்று, உரிமையின் சைக்கிள்.

விரைவைப் பற்றி ஒரு வார்த்தை. நவீன வாழ்வின் வேகத்துக்குக் கார் இன்றியமையாதது என்பர். 1854இல் வெளியான ‘வால்டன்’ நூலிலே தோரோ ஒரு கணக்குப் போட்டார். முப்பது மைல் தூரத்துக்கு இரயிற் கட்டணம் தொண்ணூறு சதம். அது ஏறத்தாழ ஒரு நாட்கூலி. நண்பன் அக்கூலியை உழைத்து இரயிலேறுவதற்குள் தாம் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அவர் வாதம். 1970களில் இவான் இலிச் ‘சக்தியும் சமத்துவமும்’ என்ற சிறு நூலில் இதே கணக்கைக் காருக்குப் போட்டார். சராசரி அமெரிக்கன் காரை ஓட்டவும், நிறுத்தவும், அதன் தவணைப் பணம், எரிபொருள், காப்புறுதி, வரி ஆகியவற்றுக்காக உழைக்கவும் ஆண்டுக்கு 1,600 மணித்தியாலம் செலவிட்டு 7,500 மைல் பயணஞ் செய்கின்றான். ஆக, மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. மனிதர் நடக்கும் வேகத்தைவிட இது பெரிதும் அதிகமன்று. எம் ஆசிரிய நண்பர்கள் தம் சம்பளம், கார்க் கடன், காப்புறுதி, திருத்தச் செலவு ஆகியவற்றைத் தாளில் எழுதி இக்கணக்கை ஒரு முறை செய்து பார்ப்பார்களாக.

விரைவைவிட முக்கியமானது இடம். வீதி பொதுச் சொத்து. அதனைப் போட்ட பணம், தீப்பெட்டி வாங்கும்போதும் வரி செலுத்தும் ஏழையின் பணமுமாகும். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள்கள் நிற்கும். நகரத்து வீதிகளின் இரு மருங்கும் கார்கள் நிரம்பியிருக்க, பாடசாலைப் பிள்ளைகள் லொறிகளுக்கும் கார்களுக்கும் இடையில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிச் செல்வதை நாள்தோறும் காண்கின்றோம். அப்பிள்ளைகளுக்கே வகுப்பிலே வீதி ஒழுங்கு போதிக்கின்றோம். பொதுவான ஒன்றில் தன் பங்குக்கு மேல் எடுப்பதற்குக் காரணங் காட்டும் கடமை எடுப்பவருடையது. நோயாளரைக் கொண்டுசெல்பவருக்குக் காரணம் உண்டு. பாரமான பொருளை ஏற்றுபவருக்கு உண்டு. மூன்று கிலோமீற்றரில் கீரைக் கட்டு வாங்கச் சென்ற எமக்கு இருக்கவில்லை.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. யாழ்ப்பாணம் தட்டையான நிலம். சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்றது. அட்டனிலும் நுவரெலியாவிலும் செங்குத்தான பாதையில் கொழுந்து சுமந்து ஏறும் தோட்டத் தொழிலாளியிடம் சைக்கிள் மகிமையைப் பாடுவது அறிவீனம்; அவர்களுக்கு வேண்டியது ஒழுங்கான பாதையும் பேருந்தும். போரிலே காலை இழந்தோரும், முதியோரும், கர்ப்பிணிகளும் இருக்கின்றனர். சித்திரை மாதத்து நண்பகல் வெயிலும் மார்கழி மழையும் உள்ளன. ஆகவே, சைக்கிள் ஓட்டாத எவரும் ஒழுக்கக் கேடர் என்று தீர்ப்பளிக்க நாம் வரவில்லை. இயன்றவர் இயன்றபோது செய்யத்தக்கது என்பதே எம் கூற்று.

கனமான எதிர்வாதம் இன்னொன்று. எமது முற்போக்கு நண்பர்களே அதனை முன்வைப்பர். “ஒரு தனி ஆசிரியர் காரை விட்டுச் சைக்கிளில் போவதால் சமுதாய அமைப்பு மாறிவிடுமா? இது வெறும் நல்லொழுக்கப் போதனை அல்லவா?” என்பர். மாறாது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். வரலாற்றில் இரு நாடுகளின் அனுபவத்தை ஒப்பிட்டால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும்.

சோவியத் எண்ணெய் வரத்து 1990களின் தொடக்கத்தில் நின்றுபோனபோது கியூபா சீனாவிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களை இறக்குமதி செய்தது. ஹவானா நகரமே சைக்கிளில் ஓடியது. சோசலிச அரசொன்று இடர்ப்பாட்டைச் சமமாகப் பகிர முயன்றமைக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் எரிபொருள் ஓரளவு மீண்டதும் சைக்கிள்கள் படிப்படியாகக் குறைந்தன. பஞ்சத்தின் அடையாளமாகவே மக்கள் அதனை நினைவிற் கொண்டிருந்தனர்.

நெதர்லாந்தின் கதை வேறு. அந்நாடு இயல்பாகவே சைக்கிள் நாடு என்று பலர் எண்ணுகின்றனர். 1950களிலும் 60களிலும் அங்கும் கார்கள் பெருகிச் சைக்கிள்களை ஒதுக்கின. 1971இல் மட்டும் வீதி விபத்துக்களில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் பொறுக்கவில்லை. ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற பெயரிலேயே இயக்கம் எழுந்தது. வீதிகளை மறித்தனர், பிள்ளைகளை அங்கே விளையாட விட்டனர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நவம்பர் முதல் கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள் பிரகடனப்படுத்தப்பட்டன. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளோட்டினர். பஞ்சம் அங்கே ஒரு வாய்ப்பாயிற்று. ஏனெனில் அதனைப் பயன்படுத்திக்கொள்ள ஓர் இயக்கம் ஆயத்தமாயிருந்தது. தொடர்ந்த கோரிக்கையினாலேயே தனிப்பாதைகள் அமைந்தன. பெற்றோல் மீண்ட பின்னரும் அவை அழியவில்லை.

எமக்கு 2022 வந்தது, இயக்கம் வரவில்லை. நாம் சைக்கிளோட்டினோம்; ஆனால் ஓட்டிய நாட்களில் பாதையைக் கேட்கவில்லை. வைத்தியசாலை வாயிலிலே சைக்கிள் நிறுத்த நிழற்கொட்டகை கேட்கவில்லை. சந்தைக்குச் செல்லும் வீதிக்கு விளக்குக் கேட்கவில்லை. நேரத்துக்கு வரும் பேருந்து கேட்கவில்லை. பெற்றோலை மட்டும் கேட்டோம், பெற்றோல் கிடைத்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, புதிய கார்களின் விலையைப் பற்றியே ஆசிரியர் ஓய்வறைகளில் பேசிக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் தனிமனிதச் செயலின் பொருள் தெளிவாகின்றது. காரிலிருந்தபடி சைக்கிள் பாதையைக் கேட்பவருக்கு அது ஒரு கொள்கை. நாள்தோறும் அவ்வீதியில் ஓட்டி, பின்னால் வரும் லொறியின் சத்தத்துக்கு ஒதுங்கி, குழியில் விழுந்து எழுந்தவருக்கு அது ஒரு தேவை. தேவையை உணராதவர் நெடுநாள் போராடுவதில்லை. சைக்கிளில் ஏறுவதால் நாம் புனிதராவதில்லை. மேசன் தொழிலாளியும் பாடசாலைச் சிறுமியும் நிற்கும் இடத்தில் நாமும் நின்று, அவர்களுடைய கோரிக்கையை எம் கோரிக்கையாகவும் பேசத் தகுதி பெறுகின்றோம். அத்தகுதி இன்றி எழுதப்படும் சமத்துவக் கட்டுரைகள் எத்தனை என்பதை, அவற்றிற் சிலவற்றை எழுதியவர் என்ற முறையில், நாம் அறிவோம்.

ஆகவே எமது முன்மொழிவு எளியது. இயன்றோர் மூன்று, நான்கு கிலோமீற்றருக்குட்பட்ட அலுவல்களைச் சைக்கிளிற் செய்வோம். அதனைத் தியாகமென்று பறைசாற்றாதிருப்போம். மண்டபங்களும் பாடசாலைகளும் முன்வாயிலாலேயே சைக்கிளை அனுமதிக்கும்படி கேட்போம். கேட்டபின் உள்ளே சென்று உரையாற்றுவோம். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் நகரசபை, பிரதேச சபைகளிடம் பாடசாலை வீதிகளுக்கேனும் தனிப்பாதையும் விளக்கும் கோரட்டும். பேருந்துக்காகவும் குரல் கொடுக்கட்டும். சைக்கிளும் பேருந்தும் ஒன்றையொன்று தாங்குபவை. அடுத்த நெருக்கடி வரும்போது பெற்றோலைத் தவிர வேறெதுவுங் கேட்கத் தெரியாதவர்களாய் நாம் நிற்கக்கூடாது.

சென்ற மாதம் றலியைத் தள்ளிக்கொண்டு அம்முதியவரின் கடைக்குப் போனோம். பின் ரயர் தேய்ந்திருந்தது. அவர் ஏதும் கேட்கவில்லை. வண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். பாடசாலை விட்ட நேரம். எமது மாணவன் ஒருவன் தன் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தான். “சேர், கார் பிழைச்சுப் போச்சோ?” என்று அனுதாபத்துடன் கேட்டான்.

“இல்லைத் தம்பி, கார் நல்லாத்தான் இருக்குது” என்றோம்.

அவனுக்கு அது விளங்கவில்லை. எம் முகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். முதியவர் பம்மை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் தன் சக்கரத்துக்குக் காற்றடித்து முடித்ததும், கேளாமலே எமது சக்கரத்துக்கும் அடித்துத் தந்தான்.